வெக்கை வேறு, புழுக்கம் வேறு: வன்னியிலிருந்து போகிறவர் ஹொட் யோகாவில் எதைத் தெரிவுசெய்யலாம்

சிறுபோகக் காலத்துச் சோளகக் காற்றில் பரந்தன் வயல்வெளியில் நின்று பழகிய உடம்பை, சூடேற்றிய ஓர் அறை என்ன செய்துவிடும் என்ற இறுமாப்புடன்தான், ரொறன்ரோவில் அக்கா வீட்டில் தங்கியிருந்த தை மாதத்தில் பெறாமகளுடன் ஹொட் யோகா வகுப்புக்குப் புறப்பட்டேன். கிளிநொச்சியில் விடியற்காலையில் ஆசனம் பழகி வருகிறவள் என்பதால், ஆசனங்களைப் பற்றிய பயமும் இருக்கவில்லை. அந்தப் பயணத்தில் மூன்று விதமான வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்ததில் என் இறுமாப்பு முதல் நாளிலேயே போயிற்று. எது யாருக்கு ஏற்றது என்ற தெளிவு வரத்தான் மூன்றுக்கும் போக வேண்டியிருந்தது.

முதலாவது, கல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி அமெரிக்காவில் பரப்பிய பழைய முறை. 26 ஆசனங்கள், தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக 2 மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடங்கள், ஏறத்தாழ 40.6 பாகை செல்சியஸ் வெப்பம், 40 சதவீத ஈரப்பதன் என்று எல்லாமே முன்கூட்டி வகுக்கப்பட்டவை. இந்த ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2015இல் தீர்ப்பளித்ததால், அவருடைய பெயர் இல்லாமலும் பல இடங்களில் இதே வரிசையைக் கற்பிக்கிறார்கள். வரிசை மாறாது என்பது புதியவருக்கு ஒரு வசதி. அடுத்து என்ன வரும் என்று தடுமாற வேண்டியதில்லை. ஆனால் அறையை விட்டு வெளியேறக் கூடாது என்ற கண்டிப்பு நான் போன இடத்தில் இருந்தது. "சித்தி, ஏலாட்டிப் பாயிலேயே படுங்கோ" என்று பெறாமகள் காதோடு சொன்னதைத்தான் நான் கடைசியில் செய்தேன். முடிவுக்குக் கிட்ட வரும் உஷ்ட்ராசனத்தில் முதுகை வளைத்துத் தலையைப் பின்னே சாய்த்தபோது கண் இருண்டது.

வெயிலுக்குப் பழகிய ஒருத்திக்கு இது ஏன் நடந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை, அந்த வியர்வை ஆவியாகிப் போனால்தான் குளிரும். வன்னியில் கோடை நாளில் வெப்பம் 33, 34 பாகைக்கு ஏறினாலும், தோலின் வெப்பம் ஏறத்தாழ அதே அளவில் இருப்பதால் காற்றிலிருந்து உடம்புக்கு அதிகச் சூடு ஏறாது. அடிக்கிற சோளகமும் வியர்வையைக் கையோடு கொண்டுபோய்விடும். அதை நாம் வெக்கை என்கிறோம். அந்த அறையிலோ காற்றே தோலைவிடச் சூடானது, அசைவற்றது, போதாக்குறைக்கு நெருங்கி நிற்கும் எல்லாருடைய மூச்சாலும் வியர்வையாலும் ஈரமானது. 40 சதவீத ஈரப்பதன் என்பதைக் கண்டு வறண்ட காற்று என்று எண்ணிவிடவும் கூடாது, ஏனெனில் காற்று சூடாகச் சூடாக அது தாங்கி வைக்கும் நீராவியின் அளவும் கூடும். அது வெக்கையன்று, மழைக்கு முன் வரும் புழுக்கம். அந்தப் புழுக்கத்தில் நம் ஊரில் யாரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் போதும், குளிர்நாட்டில் சில வாரங்கள் இருந்தால் அந்தப் பழக்கம் கழன்றும் போகும். நான் போனதோ வந்து மூன்றாம் வாரத்தில்.

இரண்டாவது வகுப்பில் சுவரிலும் கூரையிலும் பொருத்திய தகடுகள் செங்கீழ்க் கதிரால் சூடு தந்தன. வெப்பம் 35 பாகை அளவில், நேரம் 60 நிமிடங்கள், சூரிய நமஸ்காரத்தை அடிப்படையாகக் கொண்டு ஆசனத்திலிருந்து ஆசனத்துக்கு மூச்சோடு நகரும் முறை. வேகம் கூட என்பதால் புதியவர் பின்தங்குவார், நானும் பின்தங்கினேன்; ஆனாலும் நினைத்த நேரத்தில் வெளியே போய்த் தண்ணீர் குடித்து வரலாம். உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வியர்வையோடு போய்விடும் என்று அங்கேயும் சொன்னார்கள். அந்த வேலையைச் செய்வது ஈரலும் சிறுநீரகமுமே; வியர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்புந்தான்.

மூன்றாவது, சூடேற்றாத சாதாரண வகுப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நம் ஊர் வகுப்பைப் போலத்தான், கூரை விசிறி மட்டும் இல்லை. ஆனால் பயனைப் பொறுத்தவரை இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. அதே 26 ஆசனங்களை 12 வாரங்களுக்கு ஒரு குழு 40.5 பாகையிலும் இன்னொரு குழு 23 பாகையிலும் செய்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. நடுவயதினரான இரு குழுவினரிடமும் இரத்தக் குழாய்களின் உட்சுவர் தொழிற்பாடு மேம்பட்டிருந்தது. உடற்கொழுப்பு மட்டும் சூட்டறைக் குழுவில் சற்றுக் குறைந்திருந்தது. குழாய்க்கு நன்மை தந்தது ஆசனமே, சூடு அன்று என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

ஆகவே தசை தளர்ந்த உணர்வும் வியர்த்து முடித்த பிறகு வரும் இலேசும் வேண்டுமென்றால், இரண்டாவதுக்குப் போகலாம். அந்த இலேசு உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சூட்டில் மூட்டு வழமையைவிட அதிகம் வளைந்து கொடுக்கும் என்பதால், ஊரில் எட்டாத இடத்துக்கு அங்கே கை எட்டுகிறது என்று இழுத்து நரம்பைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. பிக்ரம் முறையை முதல் வகுப்பாகத் தெரிவுசெய்ய வேண்டாம் என்பேன். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியுள்ள பகுதிகளிலிருந்து போகிறவர்களும், சிறுநீர் கழியச் செய்யும் பிரஷர் குளிசை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் இரண்டு சூட்டறைகளையும் விட்டுவிட்டு மூன்றாவதுக்கே போகட்டும்.

போகிறவர்கள் பருத்தி உடுப்பைத் தவிர்ப்பது நல்லது, நனைந்தால் பாரமாகி ஒட்டிக்கொள்ளும். பாய்க்கு மேலே விரிக்க ஒரு பெரிய துவாயும், முகத்துக்கு ஒரு சிறிய துவாயும் வேண்டும். தண்ணீரை வகுப்புக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே குடித்துவிட வேண்டும். இடையில் மடமடவென்று குடித்தால் அடுத்த ஆசனத்தில் குமட்டும். முடிந்த பிறகு அக்கா தந்தது தேசிக்காயும் உப்பும் சீனியும் கலந்த தண்ணீர். வகுப்பு வாசலில் விலைக்கு விற்ற நிறமூட்டிய போத்தல்களைவிட அதுதான் எனக்கு ஒத்துக்கொண்டது.