அப்டேட் போடச் சொன்னார்கள்: ஒரு வருடச் சந்தாவும் போச்சு, ஒரு கேட்டலாக் வேலையின் கூலியும் போச்சு

படம் திருத்தவும் டிசைன் செய்யவும் பயன்படும், சந்தா கட்டி ஓட்டுகிற ஒரு மென்பொருள். வங்கியில் போட்ட முறையீடு இன்னும் முடியாததால் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு வருடச் சந்தாவை மொத்தமாக வாங்கிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த வேலையையும் கெடுத்துவிட்டு, இப்போது "காலக்கெடு முடிந்துவிட்டது" என்று ஒற்றை வரியில் பதில் அனுப்புகிறார்கள்.

அதுவரை மாதச் சந்தாவில்தான் இருந்தேன். பெரிய அப்டேட் வந்திருக்கிறது, வருடச் சந்தாவுக்கு மாறினால் சலுகை என்று மென்பொருளுக்குள்ளேயே ஓர் அறிவிப்பு வந்தது. உடனே பணம் கட்டிவிடவில்லை. வாடிக்கையாளர் உதவி சாட்டில் போய்த் தெளிவாகவே கேட்டேன். பொருட்களின் படங்களைப் பின்னணி வெட்டி, நிழல் சேர்த்து, அளவு மாற்றி, விவர எழுத்துடன் அச்சுக்கு அனுப்புவது என் வேலை. இதற்காக வரிசையாகத் திரும்பத் திரும்ப ஓடும்படி பதிவு செய்து வைத்திருக்கும் ஆக்‌ஷன்கள், ஒரு பிளக்-இன் (வேறொருவர் செய்த கூடுதல் கருவி), பேட்ச் அமைப்பு (பல படங்களை ஒன்றாக ஓட்டுவது) எல்லாம் புதிய பதிப்பில் ஓடுமா? இதுதான் கேள்வி. "எல்லாம் அப்படியே ஓடும், கவலையே வேண்டாம்" என்று பதில் வந்தது. அத்தோடு நிற்கவில்லை. "உங்களைப் போன்ற தொழில்முறை ஆட்களுக்காகவே செய்த அப்டேட் இது. ஒத்துவரவில்லை என்றால் 14 நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம்" என்றும் சொன்னார்கள். கேட்ட கேள்விக்கு நேரான பதில், கூடவே பணத்துக்கு உத்தரவாதம். நம்பினேன். அந்தச் சாட்டிலேயே அனுப்பிய இணைப்பில் ஒரு வருடச் சந்தாவைக் கட்டினேன்.

அப்டேட் முடிந்து திறந்தால் மெனுவில் பிளக்-இன்னே இல்லை. பேட்சை ஓட்டினால் முதல் படத்திலேயே "இந்தக் கட்டளை இப்போது கிடைக்காது" என்று நின்றது. பின்னணி வெட்டும் பழைய கட்டளையை எடுத்துவிட்டு, படத்தை அவர்கள் சர்வருக்கு அனுப்பி வெட்டுகிற ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆக்‌ஷனுக்குள் பதிவான பழைய கட்டளையை அது கண்டுகொள்வதே இல்லை. சரி, பழைய பதிப்புக்கே போய்விடலாம் என்று பார்த்தால் அதுவும் கணினியில் இல்லை. நிறுவும்போது "பழைய பதிப்பை நீக்கு" என்பதை அவர்களே டிக் போட்டு, கூடுதல் அமைப்புகள் என்ற பகுதிக்குள் மறைத்து வைத்திருந்தார்கள்.

இதைவிடப் பெரிய அடி ஏற்றுமதியில், அதாவது முடித்த வேலையை அச்சுக் கோப்பாக வெளியே சேமிப்பதில், விழுந்தது. அச்சுக்கான கோப்பு சிஎம்ஒய்கே முறையில், அதாவது சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் அளவில் இருக்கும். சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம். புதிய ஏற்றுமதிப் பலகை எந்த எச்சரிக்கையும் காட்டாமல் கோப்பைத் திரைக்கான சிவப்பு, பச்சை, நீல முறையான ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டது. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அச்சகத்தில் அதைத் திரும்ப சிஎம்ஒய்கேக்கு மாற்றியபோது அந்தக் கறுப்பு 75, 68, 67, 90 என்று நான்கு மைகளிலும் பிரிந்துவிட்டது. கூட்டிப் பாருங்கள், 300 சதவீத மை! பொடி எழுத்தில் மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடும் இம்மி பிசகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண ஓரம் தெரியும். அப்படித்தான் வந்தது. வாடிக்கையாளர் மொத்தத்தையும் திருப்பிவிட்டார், கூலியும் தரவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அப்படி அச்சான கேட்டலாக்கை யார் வாங்குவார்கள்?

அடுத்து உதவிப் பிரிவு. முதல் ஆள் கேஷை (மென்பொருள் தற்காலிகமாகச் சேமித்த கோப்புகளை) அழிக்கச் சொன்னார். இரண்டாவது ஆள் விருப்ப அமைப்புகளை ரீசெட் செய்யச் சொன்னார். செய்ததும் பல வருடமாகச் சேர்த்த ப்ரீசெட்டுகளும் (முன்பே சேமித்த அமைப்புகள்) ஆக்‌ஷன் தொகுப்பும் பேனலிலிருந்து காணாமல் போயின. பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். ரீசெட் செய்தால் அவை போய்விடும் என்று சொல்லவேண்டியது அவர் கடமை இல்லையா? அப்புறம் "பிளக்-இன் செய்தவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். அவர்களைக் கேட்டால் மென்பொருளின் இணைப்பு முறையையே மாற்றிவிட்டதாகவும், தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்கள். திரும்ப வந்தால் புது ஆள், புது டிக்கெட் (புகார்ப் பதிவு), முதலிலிருந்து அதே கதை. ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், வீடியோ அனுப்புங்கள், மேல்நிலைக் குழு பார்க்கிறது, அடுத்த அப்டேட்டில் சரியாகும்.

பொறுமையிழந்து பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அந்த வரி வந்தது: "14 நாள் கடந்துவிட்டதால் திருப்பித் தர இயலாது." அந்த நாட்களைத் தின்றது யார்? குழு பார்க்கிறது, காத்திருங்கள் என்று சொல்லிச் சொல்லி அவர்களேதான். கெடு முடியும்வரை எல்லாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள். முடிந்த பிறகு டிக்கெட்டையே மூடிவிட்டார்கள். ஒரு வருடச் சந்தா! ஓடாத பேட்சுக்கும் காணாமல் போன பிளக்-இன்னுக்கும் ஒரு முழு வருடச் சந்தா.

இதிலிருந்து தப்பிக்க என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

வேலை நடுவில் இருக்கும்போது அப்டேட் போடாதீர்கள், தானாக அப்டேட் ஆகும் அமைப்பையும் அணைத்து வையுங்கள். நிறுவும்முன் அந்தப் பழைய பதிப்பு டிக்கைத் தேடி எடுத்துவிடுங்கள். ஆக்‌ஷன், ப்ரீசெட் எல்லாவற்றையும் தனிக் கோப்பாக வேறு இடத்தில் சேமியுங்கள். கோப்பின் ஒரு நகலை மட்டும் புதிய பதிப்பில் திறந்து, ஏற்றுமதி செய்து, கறுப்பு எழுத்தின் மேல் கர்சரை வைத்து நான்கு மையின் எண்ணையும் பாருங்கள்.

பணம் கட்டியபின் சிக்கல் வந்தால் முதல் நாளே ரீஃபண்ட் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. சாட் முழுவதையும் சேமித்துக்கொண்டுதான் ஜன்னலை மூடவேண்டும். எனக்குத் தந்த உத்தரவாதம் அவர்கள் சாட் வரலாற்றில் இப்போது இல்லை. என் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது. அதை இணைத்துத்தான் கார்டு கொடுத்த வங்கியில் முறையீடு போட்டிருக்கிறேன். தானாகப் புதுப்பிக்கும் அமைப்பையும் நிறுத்திவிட்டேன், நீங்களும் இன்றே உங்கள் கணக்கில் பாருங்கள்.