வயிற்றுக் குழாயோடு நான்கு வருடம்: லேப்ராஸ்கோப்பியில் வைத்த சி.ஏ.பி.டி. குழாய் எனக்கு எப்படி இருக்கிறது

சிறுநீரகம் செய்யவேண்டிய வேலையை, வயிற்றுக்குள் திரவம் விட்டு வடித்து வீட்டிலேயே செய்துகொள்வதுதான் சி.ஏ.பி.டி. டயாலிசிஸ். காலை ஐந்தரைக்கு முதல் பை. வயிற்றிலிருந்து வடிந்த நீர் நிறைந்ததும் பையைத் தரையில் படுக்கவைத்து, அடியில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூ தெரிகிறதா என்று பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் செய்தித்தாளைக் கீழே வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரியாது. கல்லில் இருக்கும் பூ போதும். பூ தெளிவாகத் தெரிந்தால் நீர் கலங்கவில்லை, அன்றைக்குப் பிரச்சினை இல்லை.

எனக்கு 58 வயது. பள்ளத்தூரில் இருக்கிறோம். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை 17 வருடம் இருந்து சிறுநீரகத்தை முடித்துவிட்டது. 2021 செப்டம்பரில் மதுரையில் லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, குழாய் வைத்தார்கள். அது எனக்கு இரண்டாவது குழாய். முதல் குழாய் ஏழு வாரம்கூட ஒழுங்காக ஓடவில்லை.

சுற்றுவட்டாரத்தில் டயாலிசிஸ் என்று எழுதிக்கொடுக்கப்பட்டவர்கள் யார் மூலமாவது என்னிடம் பேசுகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "சாவித்துளை ஆபரேஷனாமே, தழும்பு சின்னதாகத்தான் இருக்குமாமே?" என்று. தழும்பை யார் பார்க்கப் போகிறார்கள்? துளை சின்னது என்பதற்காக இந்த முறையை நான் நல்லது என்று சொல்லவில்லை. குழாயின் நுனி எங்கே போய் உட்காருகிறது என்று டாக்டர் கேமராவில் பார்த்துக்கொண்டே வைக்கிறார், அதனால் சொல்கிறேன். என் வயிற்றில் அந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாக. குடலைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. வயிற்றுக்குள் 2 லிட்டர் குளுக்கோஸ் கலந்த திரவத்தை விட்டு நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்திருந்தால், ரத்தத்தில் இருக்கும் கழிவும் கூடுதல் நீரும் அந்தச் சவ்வு வழியாகத் திரவத்துக்குள் வந்துவிடும். வடித்துவிட்டுப் புதுத் திரவம் விடவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. எதிர்வீட்டு ஆச்சி இதைக் கேட்டுவிட்டு, "கெணத்தத் தூர் வார்ற மாதிரியா ஆத்தா?" என்றார்கள். கிட்டத்தட்ட அதுதான். இதற்கு வைக்கும் மெல்லிய சிலிகோன் குழாய்க்கு டென்காஃப் குழாய் என்று பெயர். அந்தப் பெயர் கொண்ட டாக்டர் 1968-இல் கொண்டுவந்த வடிவம், பெரிய மாற்றம் இல்லாமல் இன்றும் ஓடுகிறது. குழாயில் துணிபோல இரண்டு பட்டைகள் இருக்கும். சதை அவற்றுக்குள் வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் குழாயின் கதைக்கு வருகிறேன். அது வேறொரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, தொப்புளுக்குக் கீழே சின்னதாகக் கீறி வைத்தார்கள். எனக்கு ஏற்கெனவே இரண்டு சிசேரியன், 2009-இல் கர்ப்பப்பையையும் எடுத்தாயிற்று. இப்படிப்பட்ட வயிற்றில் உள்ளே ஒட்டல்கள் இருக்க வாய்ப்பு அதிகம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பழைய ஆபரேஷன்களைப் பற்றி அங்கே யாரும் விரித்துக் கேட்கவும் இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து 2 லிட்டர் உள்ளே போகும், 600 மில்லிதான் வெளியே வரும். மீதியைச் சுமந்துகொண்டு உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. எக்ஸ்ரேயில் குழாயின் நுனி இடுப்புக் குழியை விட்டு மேலே ஏறிக் கிடந்தது. குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பு, டாக்டர்கள் ஒமென்டம் என்பார்கள், அது குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதோடு குழாய் வெளியே வரும் இடம் சரியாகப் பாவாடை நாடா முடியும் இடத்தில் அமைந்துவிட்டது. நாடா உரசி உரசிப் புண்ணாகிச் சீழ் வைத்தது. கடைசியில் எடுத்துவிட்டார்கள்.

இடையில் கழுத்தில் குழாய் போட்டு ரத்த டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், காரைக்குடிக்குப் போய்வந்தேன். அதைக் குறைசொல்ல மாட்டேன், உயிரைக் காப்பாற்றியது. ஆனால் முடித்து வீட்டுக்கு வந்தால் அன்றைய பொழுது போய்விடும். மறுநாள்தான் மனுஷியாவேன்.

மதுரையில் இரண்டாவது டாக்டர் பேசத் தொடங்கியதே பழைய ஆபரேஷன்களைப் பற்றித்தான். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நர்ஸ் ஒரு பெண் வந்து, "டீச்சரம்மா, வீட்டில் கட்டுகிற மாதிரியே சேலை கட்டிக்கொண்டு வாங்க" என்றது. நிற்கவைத்துப் பார்த்தது, உட்காரவைத்துப் பார்த்தது, குனியச் சொன்னது. நாடா எங்கே விழுகிறது, வயிற்று மடிப்பு எங்கே விழுகிறது, என் கண்ணுக்கு எந்த இடம் தெரிகிறது என்றெல்லாம் பார்த்து, நாடாவுக்கும் மடிப்புக்கும் எட்டாத, என் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மையால் புள்ளி வைத்தது. ஐந்து நிமிட வேலை. நான்கு வருடமாக அந்த இடத்தில் ஒருமுறைகூடச் சீழ் பிடித்ததில்லை.

ஆபரேஷன் முழு மயக்கத்தில். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயு செலுத்தி உப்பவைத்து, மூன்று சிறிய துளை போட்டு, ஒன்றில் கேமரா விடுகிறார்கள். உள்ளே பார்த்ததை என் வீட்டுக்காரருக்கு அப்புறம் திரையில் காட்டினார்கள். சிசேரியன் தழும்பின் உட்புறத்தில் அந்தக் கொழுப்பு மடிப்பு பசைபோட்டது மாதிரி ஒட்டியிருந்ததாம். அதைப் பிரித்து, மேலே தூக்கி, மறுபடி குழாய்ப் பக்கம் வராதபடி வயிற்றுச் சுவரோடு தையல் போட்டிருக்கிறார்கள். குழாயை நேராக உள்ளே குத்தாமல், வயிற்றுத் தசைக்குள் சாய்வாகக் கீழ்நோக்கி நீளமான சுரங்கம் மாதிரி போட்டு இறக்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நுனி இடுப்புக் குழியைப் பார்த்தே இருக்கும், மேலே ஏறுவது குறைவு. மேஜையிலேயே திரவம் விட்டு, வடித்துப் பார்த்துவிட்டுத்தான் தையல் போட்டார்களாம். குடலிறக்கம் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இருந்தால் அதே மயக்கத்திலேயே சரிசெய்துவிடலாம் என்பதால். எனக்கு இல்லை.

வலி? வயிற்றில் பெரிதாக இல்லை. வலது தோள்பட்டையில்தான் இரண்டு நாள் குடைந்தது. வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று பயந்துவிட்டேன். உள்ளே விட்ட வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவதாம், தானாகப் போய்விடும். இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்றாம் நாள் வீடு. குழாய் பிடித்துக்கொள்ள இரண்டு வாரம் விட்டார்கள். அதுவரை கழுத்துக் குழாயிலேயே டயாலிசிஸ். அப்புறம் சிறிய அளவில் தொடங்கி 2 லிட்டருக்குப் போனோம்.

இனி வீடு. எங்களுடையது பெரிய செட்டியார் வீடு இல்லை. ஆனாலும் பழைய வீடு: முகப்பு, நடுவில் திறந்த வளவு, சுற்றி நான்கு அறை. வளவு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நல்லது. இந்தச் சிகிச்சைக்கு ஆகாது. தூசி, மழைச் சாரல், தாழ்வாரத்தில் புறா. மாமியாரின் பித்தளை, எனாமல் சாமான்கள் அடைந்து கிடந்த அறையைக் காலிசெய்து, வெள்ளையடித்து, அதை டயாலிசிஸ் அறையாக்கினோம். ஒரே ஒரு சின்ன ஜன்னல். உத்தரத்தில் தொட்டில் கொக்கி இருந்தது. என் இரண்டு பிள்ளைகளும் தூங்கிய தொட்டில் அதில்தான் தொங்கியது. இப்போது அதில் கயிறு கட்டித் திரவப் பையை மாட்டுகிறேன். கரண்ட் போனாலும் கவலை இல்லை, எல்லாம் உயரத்திலிருந்து பள்ளத்துக்கு ஓடும் நீர்தான்.

குழாயை இணைக்கும்போதும் கழற்றும்போதும் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, கை கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு செய்யவேண்டும். முதல் ஆறு மாதம் அரைமணி நேரமும் விசிறியில்லாமல் சித்திரை வெயிலில் வெந்தேன். இணைத்து முடித்தபின் விசிறியைப் போட்டுக்கொள்ளலாம் என்று அப்புறம்தான் விளங்கியது. பையைச் சூடாக்க வெந்நீரில் போடாதீர்கள். ஈரம் இணைப்பில் ஏறினால் கிருமிக்கு வழி. எங்கள் ஊரில் மார்கழி தவிர மற்ற மாதங்களில் சூடாக்க வேண்டிய தேவையும் இல்லை.

மூன்றாவது மாதம் ஒருநாள் வடிவது மறுபடி குறைந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தக் கதை மறுபடியும் ஆரம்பம் என்று அழுதேவிட்டேன். போனில் சொன்னால், நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?" நான்கு நாள். குடல் நிறைந்து குழாயை நெருக்கினாலே ஓட்டம் நின்றுவிடும். மலமிளக்கி மருந்து குடித்து, வளவைச் சுற்றி நடந்து, மறுநாள் மாலைக்குள் சரியாகிவிட்டது. கேமராவில் பார்த்து வைத்த குழாயும் மலச்சிக்கலை ஜெயிக்காது. அன்றிலிருந்து மருந்துப் பெட்டியில் சர்க்கரை மாத்திரைக்கு அடுத்த இடம் அந்த மருந்துக்குத்தான். சில நாள் பஞ்சு நூல் மாதிரி வெள்ளையாக மிதந்து வரும், அது ஃபைப்ரின் என்ற புரதம். டாக்டர் சொன்னபடி ஹெப்பாரின் சேர்த்தால் மேலும் உண்டாகாமல் தடுக்கும்.

நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவை தொற்று வந்தது, 2023 வைகாசியில். தப்பு என்னுடையதுதான். பேத்திக்குக் காதுகுத்து, வீடு நிறைய ஆள். கை கழுவிவிட்டுப் பையைத் திறக்கப்போகும் நேரம் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பக் கழுவாமல் இணைத்துவிட்டேன். இரண்டாம் நாள் காலை பையைத் தரையில் வைத்தால் பூ தெரியவில்லை. மண்டிக் குழம்பு வைக்க எடுத்துவைக்கிற அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. காய்ச்சல்கூட அப்போது இல்லை, வயிறு லேசாக வலித்தது. அந்தப் பையையே எடுத்துக்கொண்டு மதுரைக்குக் காரில் போனோம். பையைக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள், அதில்தான் பரிசோதனை. வெள்ளணு ஒரு மைக்ரோ லிட்டருக்கு 100-ஐத் தாண்டினாலே சந்தேகம் என்பார்கள், எனக்கு ஆயிரத்துக்கும் மேல். ஆன்டிபயாடிக்கைத் திரவப் பையிலேயே கலந்து இரண்டு வாரம் விட்டார்கள். மூன்றாம் நாள் நீர் தெளிந்தது. குழாய் தப்பித்தது. இப்போது போன் அந்த அறைக்குள்ளேயே வருவதில்லை.

சாப்பாட்டில் ஒரு தலைகீழ் மாற்றம். டயாலிசிஸுக்கு முன் புரதத்தைக் குறை என்றார்கள். இப்போது ஒவ்வொரு வடிப்பிலும் புரதம் போவதால் முட்டையும் மீனும் சாப்பிடு என்கிறார்கள். பொட்டாசியம் எனக்குக் குறைவாகவே இருப்பதால் வாழைப்பழத்துக்கு அனுமதி. ரத்த டயாலிசிஸில் கூட உட்கார்ந்திருந்தவர்களிடம் இதைச் சொன்னால் பொறாமைப்படுவார்கள். வத்தல், ஊறுகாய், அப்பளம் மட்டும் எட்டிப் பார்க்கவும் கூடாது, உப்பு ஏறினால் கால் வீங்கிவிடும். இன்னொரு பக்கம், திரவத்தில் இருக்கும் குளுக்கோஸ் உடம்பில் சேர்கிறது. இன்சுலின் அளவு கூடியது, எடை நான்கு கிலோ ஏறியது. கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் எல்லாம் இப்போது விருந்தாளிகளுக்கு மட்டும்.

ஊருணியிலும் கோயில் குளத்திலும் இறங்கக்கூடாது. குழாய் வெளிவரும் இடத்தைத் தினமும் சுத்தம்செய்து மியூபிரோசின் களிம்பு தடவுகிறேன். வெளிப்பக்க இணைப்பான டிரான்ஸ்பர் செட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் மாற்றுகிறார்கள். மகளைப் பார்க்கச் சென்னைக்குப் பல்லவனில் போயிருக்கிறேன். இரண்டு வேளைக்கு நடுவில் ரயில் பயணம் அடங்கிவிடும், பைகள் முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். பைகள் இப்போது மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கு வருகின்றன. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சி.ஏ.பி.டி. பையும் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை, கேளுங்கள். எப்படியும் பத்து நாள் பை கையிருப்பில் வைத்திருப்பேன்.

லேப்ராஸ்கோப்பி எல்லோருக்கும் வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். முழு மயக்கம் தாங்க இதயமும் நுரையீரலும் இடம்கொடுக்க வேண்டும். செலவு கூட. இதைச் செய்து கைபழகிய டாக்டரும் வேண்டும். வயிற்றில் இதற்குமுன் கத்தி படாத ஒருவருக்கு மரத்துப்போகும் ஊசியிலேயே நன்றாக வைத்து வருடக்கணக்கில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். சிசேரியன், கர்ப்பப்பை, குடல்வால், குடலிறக்கம் என்று ஏதாவது ஆபரேஷன் ஆனவர்கள் மட்டும், டாக்டர் கேட்காவிட்டாலும் தாங்களே சொல்லி, கேமரா வைத்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

இப்போதைய நிலை: தொடக்கத்தில் நாளைக்கு 800 மில்லி போன சிறுநீர் இன்று 250-க்கு வந்துவிட்டது. அதனால் கூடுதல் நீரை இழுக்க, குளுக்கோஸ் அதிகமுள்ள 2.5 சதவீதப் பை கூடுதலாகத் தேவைப்படுகிறது. வருடங்கள் போகப்போகச் சவ்வும் களைத்துப்போகலாம், ஒருநாள் ரத்த டயாலிசிஸுக்குத் திரும்ப வேண்டியிருக்கும், அதற்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் பிஸ்டுலா போடுவதைப் பற்றி யோசியுங்கள் என்று டாக்டர் சொல்லிவைத்திருக்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன். குழாய் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. போன மாத எக்ஸ்ரேயிலும் நுனி இடுப்புக் குழியில்தான்.

அடுத்த வாரம் கோட்டையூரிலிருந்து ஒரு அம்மா இதே ஆபரேஷனுக்கு மதுரை போகிறார்கள். நேற்று போனில் நைட்டியோடு போனால் போதுமா என்று கேட்டார்கள். சேலையே கட்டிக்கொண்டு, நாடாவை எப்போதும் முடிகிற இடத்தில் முடிந்துகொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.