ஏஜிஸ் செயலி: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

2021 டிசம்பரில் இங்கே சிங்கப்பூரில் ஒரு வங்கியின் பெயரில் போலி எஸ்எம்எஸ் வந்து, 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தார்கள். வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே தொடரிலேயே போலியும் வந்து உட்கார்ந்திருந்தது. அப்போதே மின்னஞ்சல், நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளம் என எஸ்எம்எஸ் ஓடிபியில் (ஒருமுறைக் கடவுச்சொல்) ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம், அந்த எண்ணைக் கைப்பேசியிலேயே உருவாக்கும் கூகுள் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றினேன். 2023 ஏப்ரலில் அதில் மேகச் சேமிப்பு வந்தது, ஆனால் நம்மைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முழு மறையாக்கம் இல்லாமல். அது பிடிக்காமல் அதே வேலையைச் செய்யும் ஏஜிஸுக்குத் தாவினேன். கூகுள் செயலி காட்டும் கியூஆரையே ஸ்கேன் செய்யலாம் என்பதால் மாறுவது சுலபமாக இருந்தது.

ஒரு கணக்கைச் சேர்க்கும்போது தளம் காட்டும் கியூஆருக்குள் முக்கியமாக இருப்பது ஒரு ரகசியச் சாவி, அவ்வளவுதான். 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை 30ஆல் வகுத்து, அந்த எண்ணையும் சாவியையும் எச்மேக் என்ற மறையாக்கக் கணக்கில் போட்டு, வருவதை ஆறு இலக்கமாக நறுக்குகிறது செயலி. சர்வரும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். 2011இல் வந்த ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்வது இதுதான். சந்தேகப் பேர்வழியான நான் லினக்ஸ் கணினியில் இதே கணக்கைப் போடும் ஓத்டூல் கட்டளைக்கு அதே சாவியைக் கொடுத்துப் பார்த்தேன்; இரண்டு திரையிலும் ஒரே எண்.

இணையமே தேவைப்படாததன் அருமை திருச்சி போனால் புரியும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். விமானப் பயன்முறையிலும் எண் வரும். இந்திய நேரத்துக்கு மாறினாலும் பாதிப்பில்லை, கணக்கு உலக நேரத்தில்தான் ஓடுகிறது. ஆனால் எங்கள் மாமா மாதிரி கைப்பேசிக் கடிகாரத்தைக் கையாலேயே ஐந்து நிமிடம் முன்னே தள்ளி வைப்பவர்களுக்கு ஒரு குறியீடும் செல்லாது. பல சர்வர்கள் அரை நிமிடம் முன்பின் பொறுத்துக்கொள்ளும், ஐந்து நிமிடமெல்லாம் நடக்காது. தானியங்கி நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். “பஸ்ஸை விட்டுடுவேன்டா” என்று இன்னும் புலம்புகிறார்.

கைப்பேசி மாற்றும் நாள்தான் இத்தகைய செயலிகளுக்கு உண்மையான பரீட்சை. ஏஜிஸ் எல்லாச் சாவிகளையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரே கோப்பாகத் தருகிறது. புதுக் கைப்பேசியில் அதைத் திறந்தால் வேலை முடிந்தது. குறை என்றால், ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான் இருக்கிறது. மனைவியிடம் ஐஃபோன், அதனால் அவருக்கு 2எஃப்ஏஎஸ் என்ற இதே மாதிரிச் செயலி.

எஸ்எம்எஸ்ஸைவிட மேல் என்பேனே தவிர, முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். போலித் தளத்தில் ஆறு இலக்கத்தைத் தட்டினால், மோசடிக்காரன் அதே அரை நிமிடத்துக்குள் உண்மையான தளத்தில் போட்டுவிடுவான். எண்ணைப் பார்த்துத் தட்டும் எந்த முறைக்கும் இந்த ஓட்டை உண்டு. டிஜிட்டல் டோக்கன் (கைப்பேசியிலுள்ள வங்கிச் செயலியிலேயே உள்நுழைவை உறுதிசெய்யும் வசதி) வைத்திருப்பவர்களுக்கு வங்கி உள்நுழைவில் ஓடிபியே வேண்டாம் என்று சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2024 ஜூலையில் அறிவித்ததற்குக் காரணமும் இந்த மோசடிதான்.

வங்கிக்கு வங்கியின் செயலி, அரசாங்கச் சேவைகளுக்கு சிங்பாஸ் என்று ஆகிவிட்டதால், இங்கே ஏஜிஸுக்கு மிச்சம் மற்ற கணக்குகள்தான். அவற்றிலும் பாஸ்கீ (எண்ணைத் தட்டாமல், கைரேகை போன்றவற்றால் கைப்பேசியைத் திறந்தே உள்நுழையும் முறை) தரும் தளங்களை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றி வருகிறேன். வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் விபிஎன் மட்டும் இன்னும் ஆறு இலக்கம்தான் கேட்கிறது, அதனால் செயலியை நீக்குவதாக இல்லை.