மஞ்சக்குப்பத்தில் வாங்கிய சீயக்காய் ஷாம்பு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறு கடையில் வாங்கிய சீயக்காய் ஷாம்புவை ஆறு வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர் என்பதால், தலைக்குச் சோப்பு தேய்த்தால் அது நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெண்படிவமாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். இதில் சோப்புக்குப் பதிலாகக் கோகாமிடோபுரொப்பைல் பீட்டைன் என்ற மென்மையான நுரைக்கும் பொருள் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. காரத்தன்மை மிகுந்தால் முடியின் மேற்புறச் செதில்கள் விரிந்து சிக்கு விழும் என்பதால், புட்டியில் அச்சிட்டிருந்த பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.5 என்ற அளவைச் சோதனைத் தாளில் தொட்டுப் பார்த்தேன். நிறம் இளமஞ்சளில், அதாவது லேசான அமிலத்தில் நின்றது, மனம் நிறைந்தது. ஆனால் பதப்படுத்தும் பொருள் எதுவென்று குறிப்பிடவில்லை. நீர் கலந்த கலவையில் கிருமிகளும் பூஞ்சையும் எளிதில் வளரும் என்பதால் இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை, கடைக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன்.