குமிழ் வீடும் வட்ட வீடும்: குமரி மழையில் எது தாங்கும்?

வளைந்த வடிவில் வீடு கட்ட நினைப்பவர் குமரி மாவட்டத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: வளைவு சுவரோடு நிற்குமா, கூரை வரை போகுமா? சுவர் வட்டமாக ஓடி நேராக எழும்பினால் தொல்லை குறைவு. சுவரே வளைந்து கூரையாக மூடும் குமிழ் வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக யோசிக்க வேண்டும்.

20 அடி விட்டமுள்ள அரைக்கோளத்தின் தரை 314 சதுர அடி. ஆனால் 6 அடி உயரமுள்ளவர் தலை இடிக்காமல் நிற்கக்கூடியது நடுவிலுள்ள 16 அடி வட்டத்தில் மட்டுமே. அது 201 சதுர அடி. ஆறரை அடி உயர பீரோவை ஓரமாகத் தள்ளினால் பின்னால் தரையில் இரண்டரை அடி வீணாகிறது. அதே குவிமாடத்தை 3 அடி நேர்ச்சுவரின் மேல் ஏற்றினால் நிற்கும் இடம் 286 சதுர அடியாகிவிடும். பீரோவுக்குப் பின்னால் 9 அங்குலம்தான் போகும். குமிழ்தான் வேண்டும் என்பவர்கள் இந்த 3 அடியை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. வளைவில் பட்ட ஒலி திரும்பிவந்து குவியும் மையமும் தரையிலிருந்து 3 அடி மேலேறி, உட்கார்ந்து பேசுபவரின் முகத்தருகே வந்துவிடும். மேற்பாதியில் தடித்த கயிற்றுப் பாய் ஒட்டினால் எதிரொலி அடங்கும். பூச்சைச் சொரசொரப்பாக்குவது மட்டும் போதாது.

மழைதான் பெரிய சோதனை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. குமிழுக்கு இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு, கிடையாது. உச்சியில் விழுந்த தண்ணீர் முழுதும் சுவர் வழியாகவே இறங்கி ஜன்னல் சட்டத்தில் முட்டும். சட்டத்தைச் சுற்றி 4 அங்குலம் வெளியே நீட்டிய விளிம்பு கட்டி, மேல்விளிம்பின் அடியில் அரை அங்குலக் காடி (நீளவாக்கில் ஓடும் பள்ளம்) விட வேண்டும். காடி இல்லாவிட்டால் தண்ணீர் விளிம்பின் அடியைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். இரண்டு குமிழ்கள் சேரும் பள்ளத்தில் எப்படிப் பூசினாலும் ஒழுக்கு திரும்ப வரும். அவற்றைத் தள்ளிக் கட்டி, நடுவே சாதாரணத் தட்டைக் கூரை போட்ட நடைவழி வைப்பதே சரி. முக்கோணத் தகடுகள் கோத்த குவிமாடம் பார்க்க அழகு. 1954-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் காப்புரிமை பெற்ற வடிவம் அது. ஆனால் பரவலாகக் கட்டப்படும் ஓர் அளவில் மட்டும் 105 முக்கோணங்கள், அவற்றுக்கிடையே 150 இணைப்புக் கோடுகள். வெயிலில் ஒரு கோட்டின் பசை வெடித்தால் போதும். தோட்டத்தில் நிழற்குடையாக வைக்கலாம், படுக்கையறைக்கு வேண்டாம்.

கோழிவலையும் சிமெண்டும் சேர்ந்த ஃபெரோசிமெண்ட் குமிழின் கனம் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம். கடற்காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும் என்கிறது இந்தியத் தரவிதி 456. இந்த மெல்லிய ஓட்டில் வலைக்கு மேல் நிற்பது சில மில்லிமீட்டர் கலவைதான். அதனால் குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்பு சீக்கிரம் வலையைத் தொட்டுவிடும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கலவையைப் பிளக்கும். ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல் கலவை, குறைந்த தண்ணீர், நனைந்த சாக்கு போட்டு 14 நாள் ஈரம், பிறகு சில ஆண்டுகளுக்கொருமுறை நீளும் தன்மையுள்ள வெள்ளைப் பூச்சு என எதையும் விட முடியாது. வெறும் சிமெண்ட் பால் அடித்தால் மயிரிழை வெடிப்புகள் மறு வெயிலிலேயே திறந்துகொள்ளும்.

காற்றுக்குக் குமிழ் நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஒக்கி போன்ற புயலில் காற்று முதலில் பிடித்துத் தூக்குவது கூரையின் விளிம்பைத்தான்; குமிழுக்கு அந்த விளிம்பே இல்லை. உச்சியிலுள்ள காற்றுப்போக்கி மூடியை மட்டும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்காகப் பின்னால் மாடி எழுப்பும் எண்ணமிருந்தால் குமிழ் உதவாது.

வட்டச் சுவர் வீட்டை நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம். ஒரே பரப்புள்ள சதுரத்தைவிட வட்டத்துக்குச் சுற்றுச்சுவர் 11 சதவீதம் குறைவு. நடுவில் குழாய் நட்டு, அதில் சுழலும் அளவுக்கோல் கட்டிக்கொடுத்தால் எந்தக் கொத்தனாரும் கட்டுவார். தூக்குகுண்டும் வழக்கம்போல் வேலை செய்யும். வாசலுக்கும் சமையல் மேடைக்கும் மட்டும் நேர்ப்பகுதி விடுங்கள். கூரையை வட்டமாக்க வேண்டாம். கூரை ஓடுகளைச் சாய்த்து வெட்டினால் முனை உடைந்து ஒழுகும். வெளிவிட்டம் 20 அடியுள்ள சுவருக்கு மேல் 25 அடிச் சதுர ஓட்டுக்கூரை போடலாம். இறவாணம் குறைந்தபட்சம் இரண்டரை அடி, மூலைகளில் ஏழரை அடிக்கு மேல் வரும். மூலைக்கு ஒரு தூண் நட்டால், அடைமழையிலும் துணி உலர்த்த, மோட்டார் வைக்க, விறகு அடுக்க நான்கு நனையாத இடம் கிடைக்கும்.