மாஸ்டடான் ப்ரொஃபைல்: மூன்று வருடம் கழித்து, ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி

போன வாரம் பள்ளித் தோழன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் ஒன்று அனுப்பினான். பார்த்தால் என் மாஸ்டடான் ப்ரொஃபைல் (மாஸ்டடான், ட்விட்டர் மாதிரிச் சின்னச் சின்னப் பதிவுகள் போடும் ஒரு சமூக வலைத்தளம்). வலைப்பூ முகவரி இருக்கும் கட்டம் பச்சையாக, ஓரத்தில் டிக்கோடு இருக்கிறதல்லவா, அதைச் சிவப்பில் வட்டம் போட்டு, "இதுக்கு மாசம் எவ்வளவுடா கட்டுறே?" என்று கேட்டிருந்தான். அவன் எக்ஸில் (பழைய ட்விட்டர்) சந்தா கட்டி நீல டிக் வைத்திருப்பவன். அந்தச் சந்தா 2023 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது பிரவுசர் வழியாக எடுத்தால் மாதம் 650 ரூபாய். 2025 ஜூலையில் 427 ஆக இறக்கினார்கள். விலை இறங்கியதும் வாங்கிவிட்டான். என்னுடையது பைசா செலவில்லை என்றதும் நம்பவில்லை. அப்புறம், "சரி, நானும் அங்கே வரட்டுமா, நல்லா இருக்கா?" என்றான். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

2022 நவம்பரில், ட்விட்டர் கைமாறிய கையோடு கூட்டம் கூட்டமாக வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். மாஸ்டடான் ஆய்கன் ரோச்கோ என்பவர் 2016-இல் தொடங்கியது. ஒரே கம்பெனி இல்லை, வெவ்வேறு ஆட்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், ஏதாவது ஒன்றில் நாம் கணக்குத் தொடங்க வேண்டும், அது போதும். பெயருக்குப் பின்னால் சர்வர் பெயரும் ஒட்டிக்கொள்வதால் முகவரியில் இரண்டு அட் குறி வரும். என் மாமா அதை மின்னஞ்சல் முகவரி என்று நினைத்துப் பேத்தியின் பூப்புனித நீராட்டு அழைப்பிதழை அதற்கு அனுப்பி, திரும்பி வந்ததும் என் மேல் கோபித்துக்கொண்டார்.

ப்ரொஃபைல் பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை வேகமாகப் பார்த்துவிடலாம். அகலமான தலைப்புப் படம், அதன் மேல் ஓரத்தில் முகப்படம், பெயர், 500 எழுத்துக்குள் அறிமுகம். அதற்குக் கீழே தலைப்பும் விவரமுமாக நாம் நிரப்பிக்கொள்ளும் கட்டங்கள், என் சர்வரில் நான்கு. சேர்ந்த தேதி. எத்தனை பதிவு, எத்தனை பேரைத் தொடர்கிறோம், எத்தனை பேர் நம்மைத் தொடர்கிறார்கள். தொடர்பவர் பட்டியலை மறைத்து வைக்கலாம். நம் அனுமதி பெற்றுத்தான் தொடர வேண்டும் என்று பூட்டும் போடலாம். நம் பதிவுகள் தேடலில் அகப்பட வேண்டுமா என்பதும் நம் விருப்பம்தான். நாம் சரி சொன்னால் ஒழிய அகப்படாது.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் வேறு. வேறு சர்வரில் இருக்கும் ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் 3,000 பதிவு என்று எண்ணிக்கை இருக்கும், கீழே இரண்டு பதிவுதான் தெரியும். ஆள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நம் சர்வருக்கு இதுவரை வந்து சேர்ந்தது அவ்வளவுதான். முழுவதும் வேண்டுமென்றால் அவர் சர்வருக்கே போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு இது பழகவே ஆறு மாதம் ஆனது.

பச்சை டிக்குக்கு வருகிறேன். வலைப்பூவில் ஒரு ஓரத்தில் மாஸ்டடான் ப்ரொஃபைலுக்குச் சுட்டி கொடுத்து, அந்தச் சுட்டிக்குள் ‘ரெல் மீ’ (rel="me") என்ற ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும். ‘அங்கே இருப்பதும் நான்தான்’ என்று அதற்கு அர்த்தம். ப்ரொஃபைலின் கட்டத்தில் வலைப்பூ முகவரியைப் போட்டுச் சேமித்ததும் சர்வர் போய் வலைப்பூவைப் பார்க்கும். பதில் சுட்டி இருந்தால் கட்டம் பச்சையாகும். அவ்வளவுதான். ஆதார் கேட்பதில்லை, பணம் கேட்பதில்லை. இதனால் என் பெயர் உண்மை என்று ஆகிவிடாது. இந்த வலைப்பூக்காரனும் இந்தக் கணக்குக்காரனும் ஒரே ஆள் என்று மட்டும்தான் ஆகும். யோசித்தால் அதுதான் நியாயமான அளவு. புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் கோடைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், அங்கே சுட்டி போட்டாலே அந்தக் குறிப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது.

எனக்கு மட்டும் மூன்று வாரம் பச்சை வரவில்லை. போனிலிருந்து ஒட்டியபோது நேராக இருக்க வேண்டிய மேற்கோள் குறி அழகாக வளைந்துபோயிருந்தது. மனுஷக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வளைந்தது மேற்கோளே இல்லை. குறியைத் திருத்தி மறுபடி ப்ரொஃபைலைச் சேமித்ததும் வந்துவிட்டது.

ஆனால் இந்த மூன்று வருடத்தில் நான் மயங்கியது டிக்கில் இல்லை. யாருடைய ப்ரொஃபைலைத் திறந்தாலும் அவர் அறிமுகத்தை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் அவரைப் பற்றி நாம் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளலாம். நமக்கு மட்டும்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன். மற்ற இடங்களில் ப்ரொஃபைல் என்பது அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. இங்கே அதே பக்கத்தில் எனக்கும் ஒரு ஓரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் விடவில்லை. எல்லோருக்கும் எழுதினேன். ‘நோர்வே. கிளிஞ்சல் படம் போடுபவர். முழங்கால் ஆபரேஷன், நலம் கேட்க வேண்டும்.’ ‘மட்டக்களப்பு. நன்னூலில் சந்தேகம் கேட்கலாம், வாதம் செய்யக் கூடாது.’ ‘பழைய வால்வு ரேடியோக்காரர். மர்பி டயல் கண்ணாடி இருக்கிறது என்றார்.’ ‘இவர் கிண்டல் செய்வது போலத்தான் பேசுவார், கோபப்படாதே.’ இந்தக் கடைசிக் குறிப்பு குறைந்தது இரண்டு சண்டைகளைத் தடுத்திருக்கிறது. என்னைப் போல முகமும் பெயரும் தங்காத மண்டைக்கு இதைவிட என்ன வேண்டும்? (ஒரு எச்சரிக்கை: குறிப்பு சர்வரில்தான் சேமிக்கப்படுகிறது. சர்வரைக் கையில் வைத்திருக்கும் அட்மின் நினைத்தால் எடுத்துப் பார்க்கலாம். ஊர்வம்பை அதில் எழுத வேண்டாம்.)

ஒரு நாள் அந்த ரேடியோக்காரர் வேறு சர்வருக்குக் குடிபெயர்ந்தார். புதுப் பக்கத்தைத் திறந்தால், நான் அவரைப் பற்றி எழுதிய குறிப்பு அங்கே முன்னமே வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘இவர் இன்ன இடத்திலிருந்து வந்தவர், முன்பு நீங்கள் எழுதியது இது’ என்று மேலே ஒரு வரி வேறு. வீடு மாறினவருக்குப் பின்னாலேயே என் சீட்டும் போயிருக்கிறது. இதை யோசித்துச் செய்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை.

சரி, இனிமேல் வயிற்றெரிச்சல். 2024 கடைசியில் என் சர்வர் நின்றுபோனது. பெயர் சொல்லப் போவதில்லை. ஒற்றை ஆள் நடத்தியது, பத்து நாள் முன்னால் அறிவிப்புப் போட்டிருந்தாராம். நான் அப்போது மழையில் ஊர்ப்பக்கம், கரண்ட்டும் இல்லை, நெட்டும் இல்லை. திரும்பி வந்தபோது வெள்ளைத் திரை.

மாஸ்டடானில் கணக்கை மாற்றிக்கொள்ள வழி உண்டு, நன்றாகவே உண்டு. தொடர்பவர்கள் தாமாகவே புது இடத்துக்கு வந்துவிடுவார்கள். பதிவுகள் மட்டும் வராது. ஆனால் அந்த மாற்றத்தைப் பழைய சர்வர்தான் அறிவிக்க வேண்டும். அது செத்த பிறகு யார் அறிவிப்பது? தொடர்ந்த 412 பேரும் போனார்கள். நான் தொடர்ந்தவர்களின் பட்டியலை எப்போதோ இறக்கி வைத்திருந்தேன், அதைப் புது சர்வரில் ஏற்றியதும் அவர்கள் கிடைத்தார்கள். அதே இறக்கும் பக்கத்தில் பட்டியல்கள், முடக்கியவர்கள், தடுத்தவர்கள், புக்மார்க் எல்லாம் இருக்கின்றன. குறிப்புகள் மட்டும் இல்லை. மற்றவர் இடம் மாறினால் அவரைப் பற்றிய என் குறிப்பு அவர் பின்னால் ஓடும். நான் இடம் மாறினால் என்னோடு வராது. இருநூறுக்கு மேல் எழுதியிருப்பேன். ஒன்று மிஞ்சவில்லை.

அந்த அட்மின் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் இரண்டு வருடத்தில் அவருக்கு நான் பத்து ரூபாய் கொடுத்ததில்லை. பக்கத்தின் அடியில் நன்கொடைச் சுட்டி இருந்தது, தினமும் கண்ணில் படும், ஒருநாளும் அழுத்தவில்லை. மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருக்கும் சர்வர்கள், மூடுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்னால் சொல்வோம், தினமும் பேக்கப் எடுப்போம் என்று ஒப்புக்கொண்டவை. அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நான் பெயர் அழகாக இருக்கிறதே என்று போய்ச் சேர்ந்தவன். நியாயமாகப் பார்த்தால் திட்டுவதற்கு ஆளே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒன்று சொல்ல வேண்டும். புது இடத்தில் முதல் வேலையாக வலைப்பூவில் சுட்டியை மாற்றினேன், பச்சை உடனே வந்தது. மட்டக்களப்புக்காரர் நான்காம் நாள் வந்து தொடர்ந்தார். "யாரோ உங்கள் பெயரில் வந்திருப்பதாக நினைத்தேன். வலைப்பூக் கட்டம் பச்சையாக இருந்ததால் நம்பினேன்" என்றார். இன்றைக்கு 160 பேர் வரை திரும்பி வந்திருக்கிறார்கள், பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான்.

ஆக நண்பனுக்கு என்ன சொல்வது? காசில்லாத டிக், விளம்பரமே இல்லாத பக்கம், வேறெங்கும் நான் பார்க்காத அந்தக் குறிப்புப் பெட்டி. இத்தனையும் சொல்லிவிட்டு, "வேண்டாம்டா, 427 கட்டி அங்கேயே இரு" என்றேன். அன்றைக்கு மனநிலை அப்படி. காலையில்தான் நோர்வேக்காரரிடம் எந்த முழங்கால் என்று இரண்டாம் தடவை கேட்டு அசடு வழிந்திருந்தேன்.

அவன் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே கணக்குத் தொடங்கிவிட்டான், நான் இருக்கும் அதே சர்வரில். அறிமுகம் காலி, படம் இல்லை, ஒரே பதிவு: ‘டெஸ்ட்’. குறிப்புப் பெட்டியைத் திறந்து, ‘2023-இல் வாங்கிய சைக்கிள் பம்ப் இன்னும் திரும்பி வரவில்லை’ என்று எழுதினேன். இப்போதெல்லாம் எழுதுவதை நாற்பது பக்க நோட்டு ஒன்றிலும் ஏற்றி வைக்கிறேன். அதிலும் எழுதிவிட்டேன்.