கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளான்ட்: பயன்படுத்திப் பார்த்த பிறகு

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். போன பல்லுக்குப் பதிலாக வைப்பதில் இன்றைக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் விளம்பரத்தில் சிரிக்கிற முகத்தைப் பார்த்துவிட்டு, "சொந்தப் பல் மாதிரியே இருக்கும்" என்று நம்பிக்கொண்டு நாற்காலியில் போய் உட்காராதீர்கள். இது பல் இல்லை. எலும்புக்குள் முறுக்கி இறக்கிய ஒரு டைட்டானியம் திருகு, அதன் மேல் ஒரு இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் ஒரு கேப். நம் கண்ணுக்குத் தெரிவதும் நாம் விசாரிப்பதும் கேப்பைத்தான், நிலைப்பதும் நிலைக்காததும் என்னவோ கீழே இருக்கிற திருகையும் அதைச் சுற்றியுள்ள எலும்பையும் பொறுத்தது.

எனக்குப் போனது கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப் பல். வேரில் விரிசல் விட்டுவிட்டதால் ரூட் கெனால் செய்தும் நிற்கவில்லை, பிடுங்கியாயிற்று. அப்புறம் இருப்பது மூன்று வழி: கழற்றி மாட்டுகிற பல், பிரிட்ஜ், இம்ப்ளான்ட். ஒரே ஒரு பல்லுக்காகத் தினமும் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு விருப்பமில்லை. பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் ராவி, அவற்றின் மேல் கேப் மாட்டி, நடுவில் போலிப் பல்லைத் தொங்கவிட வேண்டும். அந்த இரண்டும் ஏற்கெனவே அடைத்து அடைத்துத் தேய்ந்த பற்கள் என்றால் பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னுடையவை ஒரு குறையும் இல்லாத பற்கள், அவற்றை ராவ மனசு வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, இதை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பல் இல்லாத இடத்தில் எலும்பு கரையும். பிடுங்கிய முதல் வருடத்திலேயே அகலத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விடலாம், அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்துக்குள். உள்பக்கத்துப் பல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று வருடக்கணக்கில் விட்டவர்களுக்குத்தான் பிற்பாடு எலும்புத்தூள் வைத்து மேடாக்குவது, மேல்தாடை என்றால் சைனஸ் அறையின் தரையை உயர்த்துவது என்று வேலை நீள்கிறது. இம்ப்ளான்ட்தான் என்று முடிவு செய்துவிட்டால் பிடுங்கும்போதே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

முதலில் போன கிளினிக்கின் பெயர் வேண்டாம். வாயைத் திறந்து பார்த்த கையோடு, ஸ்கேன் எதுவும் எடுக்காமல், ஒரே நாளில் பல் வைத்துவிடலாம் என்று பேக்கேஜை நீட்டினார்கள். ஒரே நாளில் கேப் மாட்டுவது புளுகு இல்லை, முடியும்தான். திருகு எலும்பில் நன்றாக இறுகிவிட்டால், எதிர்ப் பல் இடிக்காத மாதிரி ஒரு தற்காலிகக் கேப்பை அன்றைக்கே வைப்பார்கள், முன்பல் போனவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அரைக்கிற வேலை முழுவதும் விழுகிற கடைவாயில், எலும்பு எவ்வளவு இருக்கிறது என்றே பார்க்காமல் எப்படி வாக்குக் கொடுக்கிறார்கள்? எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் பேச்சைத் தொடங்கியதே ஸ்கேனில்தான். தாடையைக் குறுக்காக வெட்டின மாதிரி முப்பரிமாணத்தில் காட்டுகிற சிபிசிடி. கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, திரையில் அது எலும்புக்கு நடுவே கறுப்பாக ஒரு சின்ன வட்டம். திருகின் நுனிக்கும் அதற்கும் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று அளந்து காட்டினார். நரம்பில் பட்டுவிட்டால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும், சிலருக்கு அது திரும்பாமலே போய்விடும். அப்புறம் கேள்விகள்: சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, புகைப்பழக்கம் உண்டா, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறீர்களா, இரவில் பல்லை நறநறவென்று கடிப்பீர்களா. எனக்கு எதுவும் இல்லை. உங்களிடம் இந்த நாலும் கேட்காத டாக்டர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

திருகு வைத்த நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பதே நல்ல செய்தி. பல் பிடுங்கியபோது பட்ட பாட்டில் பாதிகூட இல்லை. மரப்பு ஊசி போட்டபின் வலி கிடையாது, எலும்பில் அதிர்வு மட்டும் தெரியும், காது வரைக்கும் எதிரொலிக்கும். டிரில் ஓடும்போதெல்லாம் குளிர்ந்த உப்புநீர் வாய்க்குள் கொட்டிக்கொண்டே இருக்கும், அதை உறிஞ்சி எடுக்கிற குழாயின் இரைச்சல்தான் எனக்கு அதிகத் தொந்தரவு. அந்த நீர் சும்மா இல்லை. எலும்பின் சூடு 47 டிகிரியைத் தாண்டி ஒரு நிமிடம் நின்றாலே அந்த இடத்து எலும்பு கெட ஆரம்பிக்கும், கெட்ட எலும்பு திருகைப் பிடிக்காது. அதனால்தான் ஒரேயடியாகத் துளைக்காமல் மெல்லிய டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கிக்கொண்டு போகிறார்கள். கடைசியில் ஒரு குட்டி ராட்செட்டை மாட்டி, ஒர்க்‌ஷாப்பில் போல்ட் முடுக்குவது போலக் கடக் கடக் என்று முறுக்குவார். அந்தச் சத்தத்துக்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் கன்னம் வீங்கியிருந்தது, வழக்கமான வலி மாத்திரையிலேயே அடங்கிவிட்டது.

அப்புறம் காத்திருப்பு. கீழ்த்தாடைக்குப் பொதுவாக மூன்று நாலு மாதம், மேல்தாடையில் எலும்பு கொஞ்சம் மெத்தென்று இருப்பதால் ஆறு மாதம் வரைகூடப் போகலாம். இந்த இடைவெளியில்தான் பலருக்குப் பொறுமை போகிறது, ஆனால் மொத்த வித்தையும் இங்கேதான் நடக்கிறது. டைட்டானியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டி வளர்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் பெர் இங்வார் பிரோனமார்க் 1950களில் வேறு எதற்கோ முயல் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது, அது வரவே இல்லை. அந்தத் தொல்லையைப் பிடித்துக்கொண்டுதான் 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகப் பல் வேராக வைத்தார், அவை நாற்பது வருடத்துக்கும் மேல், அவர் இறக்கும்வரை உழைத்தன. இன்றைக்கு வைப்பவற்றிலும் பத்து வருடம் தாண்டுபவை 90 சதவீதத்துக்கு மேல் என்கின்றன ஆய்வுகள். ஆனால் தாண்டுவது வேறு, தொந்தரவே இல்லாமல் தாண்டுவது வேறு.

கேப் விஷயத்தில் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: ஸ்க்ரூவில் பிடிப்பதா (எலும்பிலுள்ள திருகு இல்லை, கேப்பை இறுக்குகிற தனிக் குட்டி ஸ்க்ரூ), சிமென்டில் ஒட்டுவதா? முடிகிற இடத்தில் ஸ்க்ரூவையே கேளுங்கள். சிமென்டில் ஒட்டும்போது ஈறுக்கு அடியில் துளி பிதுங்கி நின்றுவிட்டால், அதுவே பின்னால் ஈறு வீக்கத்துக்கு வழிவிடும். ஸ்க்ரூ கேப்பின் மேல்பக்கம் ஒரு சின்னத் துளை அடைத்த தடம் தெரியும், கடைவாய்க்கு அது ஒரு குறையே இல்லை. எனக்கு அது உபயோகப்படவும் செய்தது. சில மாதம் கழித்து கடிக்கும்போது கேப் லேசாக அசைவது போலிருந்தது, திருகே போச்சு என்று பயந்துகொண்டு போனேன். டாக்டர் அந்த அடைப்பைத் தோண்டி, உள்ளே தளர்ந்திருந்த ஸ்க்ரூவை முறுக்கி, திரும்ப அடைத்துவிட்டார். அவ்வளவுதான். சிமென்ட் கேப்பாக இருந்திருந்தால் வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கலாம்.

பழக்கத்தில் எப்படி இருக்கிறது? கடிக்கும் பலம் அபாரம், மெல்லும்போது எந்தப் பக்கம் என்ற நினைப்பே வருவதில்லை. ஆனால் உணர்ச்சி மந்தம். சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது, மயிரிழை மாட்டினாலும் சொல்லிவிடுவது அதுதான். இம்ப்ளான்டுக்கு அது இல்லை. நகத்தால் தட்டினாலே வித்தியாசம் புரியும், பக்கத்துப் பல் மந்தமாக ஒலிக்கும், இது கணீரென்று கேட்கும். அதே காரணத்தால் கல்லைக் கடித்தாலும் இது சட்டென்று எச்சரிக்காது.

பெரிய குறை என்று நான் எழுதுவது, சந்தில் அடைத்துக்கொள்வதை. திருகு ஒல்லி, கேப் அகலம், அதனால் ஈறுக்குப் பக்கத்தில் முக்கோணமாக ஒரு இடுக்கு இருந்துகொண்டே இருக்கிறது. சாப்பிட்ட பிறகு கொப்பளித்தால் மட்டும் போகாது, பல்லிடுக்கு பிரஷ்ஷை உள்ளே விட்டு எடுத்தாக வேண்டும். இது அலுப்பான வேலை, தப்பவும் முடியாது. சொத்தை வராது என்பது உண்மைதான், ஆனால் சுற்றியுள்ள ஈறிலும் எலும்பிலும் கிருமி பிடித்தால் எலும்பு கரைந்து திருகே ஆடிவிடும், பெரும்பாலும் வலி காட்டாமலே. பிரஷ் பண்ணும்போது அந்த இடத்தில் ரத்தம் வந்தால், சீழ் தெரிந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல், ஏற்கெனவே ஈறு நோயில் பல் இழந்தவர்களுக்கும் அப்படியே. அவர்கள் முதலில் ஈறைச் சரிசெய்துவிட்டு வருவதுதான் முறை.

வேலை முடிந்து கிளம்பும்போது ஒன்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். திருகு வந்த பெட்டியில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் கம்பெனி, மாடல், குறுக்களவு, நீளம், லாட் எண் எல்லாம் அச்சாகியிருக்கும். நான் கேட்டதும் ரிசப்ஷனில் இருந்தவர் ஃபைலைத் திறந்து, மிச்சமிருந்த ஸ்டிக்கர் ஒன்றை உரித்து ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். ஒரு கம்பெனியின் துண்டு இன்னொரு கம்பெனித் திருகில் பெரும்பாலும் சேராது, முறுக்கும் சாவிகூடப் பல சமயம் வேறாக இருக்கும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் எக்ஸ்ரேயை வைத்து யூகித்துக்கொண்டிருப்பதைவிட, அட்டையை ஒரு போட்டோவும் எடுத்து போனில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.